வெளியே போனவர் தலைவர்

மைக் கூவுகிறது, சவுண்டு செட் ஆளிடம் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்று வெளியே போனதுதான் கஸ்பார் செய்த தப்பு. திரும்பி மண்டபத்துக்குள் வந்தபோது அவர் தலைவராகியிருந்தார்.

வாசலிலேயே கழுத்தில் மாலை விழுந்தது. செயலாளர் கிருஷ்ணப்பன் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"ஏகமனதா தேர்ந்தெடுத்துக்கீறோம் தலைவரே! ஒருத்தர்கூட எதிர்த்துக் கை தூக்கல."

"நானே உள்ள இல்லியே கிருஷ்ணப்பா! இருந்திருந்தா நான் தூக்கியிருப்பேனே?"

"அதான் தலைவரே, நீ இல்லாததாலதான் ஏகமனசு."

திருவொற்றியூர் வட்டாரக் கண்டெய்னர் சர்வேயர்கள் சங்கத்தில் இதுதான் வழக்கம். துறைமுகத்துக்கு வந்து போகிற கண்டெய்னர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே நசுங்கல், எங்கே துரு என்று சாக்பீஸால் வட்டம் போடுகிறவர்கள் இவர்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் நின்றுகொண்டு, எந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறது என்று தேடுவார்கள். அடுத்தவர் பெட்டியில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற இவர்களுக்குத் தங்கள் சங்கத்துக்கு ஒரு தலைவரைக் கண்டுபிடிக்கத்தான் முடிவதில்லை.

ஒரு காலத்தில் இங்கேயும் தேர்தல் நடந்ததுண்டு. கடைசியாக நடந்ததில் பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. நாற்காலி வாடகைக்கு விட்டவர், இனிமேல் சர்வேயர் சங்கம் என்றால் பாய்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். அதோடு போட்டி ஒழிந்தது. போட்டி ஒழிந்ததும் ஆசையும் ஒழிந்தது. மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் பேரைச் சொன்னால், எனக்கு நைட் ஷிப்ட்டு, எனக்கு பிபி என்று ஆளாளுக்கு ஜகா வாங்கினார்கள். வெளியே நிற்பவர் ஜகா வாங்க முடியாதே! அதனால் அந்த நேரத்தில் யார் வெளியே இருக்கிறாரோ அவர் பேரை ஒருவர் சொல்ல, எல்லாரும் கை தட்டி முடித்துவிடுவார்கள்.

கஸ்பாருக்கும் இது தெரியும். ஆனால் அந்த மைக் கூவிய கூவலில் எல்லாம் மறந்துபோய்விட்டது.

உண்மையைச் சொன்னால் பதவி மேல் அவருக்கு வெறுப்பொன்றும் இல்லை. பயமெல்லாம் ஜானட்டை நினைத்துத்தான்.

ஜானட் அவர் மனைவி. ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். போன வருஷம் வரைக்கும் கஸ்பார் கோயில் திருவிழாக் கமிட்டியில் செயலாளர், ஜானட் கோயில் பாடகர் குழுவுக்குப் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அவர்களுடைய வெள்ளிவிழாக் கல்யாண நாள் வந்தது. இரண்டு பேருக்குமே நினைவில்லை. ஜானட்டின் அம்மா வியாகுலம்மாள் மட்டும் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு தூக்கு நிறைய இறால் தொக்கு செய்து எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தார். பூட்டிய கதவைப் பார்த்தார். தொக்கை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் நன்றாக இருந்தது என்று சொன்ன பிறகுதான் இவர்களுக்கு விஷயமே தெரியும்.

அன்றைக்கே மாதா படத்துக்கு முன்னால் நின்று இருவரும் சத்தியம் செய்தார்கள். இனிமேல் எந்தப் பதவியும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு.

"நீங்க பேச்சு மீறினா, நான் பொட்டியத் தூக்கிகினு அம்மா வூட்டுக்குப் போய்கினே இருப்பேன்" என்றாள் ஜானட்.

"நீ மீறினா?"

"நான் இன்னாத்துக்கு மீறப் போறேன்?"

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் கஸ்பாருக்குப் புதிதாகக் கிடைத்த சொத்து. காலையில் ராயபுரம் கோயிலில் பூசை, திரும்பும்போது காசிமேட்டில் மீன், மத்தியானம் அவள் குழம்பு வைக்க இவர் வெங்காயம் உரிப்பது, சாப்பிட்டுவிட்டு இருவரும் ஒரே ஃபேன் கீழே தூங்குவது. இருபத்தைந்து வருஷம் கழித்து மனைவியோடு பேச விஷயம் இருக்கிறது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அதை ஒரு மைக்கால் இழக்க அவர் தயாராக இல்லை.

மாலையைக் கழற்றி மண்டபத்து வாசலில் நின்ற மாட்டுக்கு ஊட்டிவிட்டு, நேராக டோல்கேட்டுக்கு ஓடினார். அங்கே ரஷீது ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். அந்த வட்டாரத்தில் யாருக்கு எந்தப் பதவி வந்தாலும் சாயங்காலத்துக்குள் அவன் கடைப் பக்கத்துச் சுவரில் பேனர் ஏறிவிடும். கஸ்பார் போவதற்குள் ஏறிவிட்டிருந்தது. யாரோ கல்யாண ஆல்பத்திலிருந்து படம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரஷீது, கால்ல வேணா வுழறேன், அத்த எறக்குப்பா. என் வூட்டுக்காரி கண்ணுல பட்டா வம்பாப் பூடும்."

"எறக்க முடியாது நைனா, சங்கத்துல அடிக்கச் சொன்னது. உன் மூஞ்சிய வேணா மறச்சிடறேன்." ரஷீது சிரித்தான். "வூட்டுல தெரியக் கூடாதுன்னு வந்து நிக்கற மொத ஆளு நீ இல்ல. இந்த மாசம் நீ ரெண்டாவது."

தன்னைப்போல இன்னொரு அப்பாவி இருக்கிறான் என்பதில் கஸ்பாருக்குக் கொஞ்சம் ஆறுதல். "யாருப்பா அந்தப் பாவம்?"

"தொழில் ரகசியம் நைனா. உன்னுத அவங்களாண்ட சொல்வேனா? அவங்களுத உன்னாண்ட எப்டி சொல்லுவேன்?"

ரஷீது படத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினான். மறுநாள் கண்டெய்னர்களை அடுக்கி வைக்கிற யார்டு முழுவதும் அதே பேச்சு. தன் படம் வேண்டாம் என்று சொன்ன முதல் தலைவர்! இப்படி ஓர் அடக்கமான மனுஷனை இத்தனை நாள் சும்மா விட்டுவைத்தோமே என்று உறுப்பினர்கள் உருகிப்போனார்கள். புதன்கிழமை அதே சுவரில் முன்பைவிட இரண்டு மடங்கு பெரிய பேனர் ஏறியது. 'படம் விரும்பாத தலைவரே' என்று மேலே எழுதி, கீழே அவருடைய படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக அந்த வழிதான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கஸ்பார் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஜானட்டு, ஹைரோடு வேணாம். பீச் ரோட்டுல போலாமா? கடக்காத்தாவது அடிக்கும்."

பீச் ரோட்டில் அந்த நேரத்தில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். அங்கே காற்று வாங்கப் போகிறவன் பைத்தியக்காரன். ஜானட் கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தார்.

"நானே சொல்லலாம்னு இருந்தேங்க. டோல்கேட்டு பக்கம் ஒரே கலீஜு" என்று அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். லாரிப் புகையில் இருவரும் இருமிக்கொண்டே போனார்கள். என்ன பெருந்தன்மையான மனைவி என்று கஸ்பாருக்குக் கண் கலங்கியது. புகையும் ஒரு காரணம்.

இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? ராஜினாமா எழுதினார். சங்க விதிப்படி அதைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். கிருஷ்ணப்பன் தாளை வாங்கி, தொழில் பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, 'பரிசோதிக்கப்பட்டது, சேதம் இல்லை' என்று குத்தினார். பிறகு படித்தார். பிறகு அதை அப்படியே கஸ்பாரிடமே நீட்டினார்.

"தலைவரே, ஒரு ராஜினாமா வந்துகீது. தலைவர் பார்வைக்கு வெக்கணும்."

"என்னுதுதாண்டா அது!"

"அது செயலாளருக்குச் சம்பந்தம் இல்ல. நான் வெக்கணும், நீ பாக்கணும். பாத்துட்டு கமிட்டில வெச்சு ஒப்புதல் வாங்கணும்."

"சரி, கமிட்டியக் கூட்டு."

"கூட்டறது செயலாளரு வேலையா, தலைவரு வேலையா?"

யாருக்கும் தெரியவில்லை. அது தெரியாததால்தான் கமிட்டி கூடியே பல வருஷம் ஆகியிருந்தது. தலைவர் கூட்டுவார் என்று செயலாளர் இருந்தார். செயலாளர் கூட்டுவார் என்று தலைவர்கள் இருந்து, இருந்து, போய்ச் சேர்ந்தார்கள்.

கஸ்பாருக்கு அங்கேதான் ஒரு யோசனை பளிச்சிட்டது. இந்த ஆட்களுக்கு வேலை என்றால் ஆகாது. ஒவ்வொரு பதவிக்கும் இதுதான் பொறுப்பு என்று எழுதி நீட்டினால் கொதித்துப்போய் அவர்களே தன்னைத் துரத்திவிடுவார்கள். ஒரு சாயங்காலம் கமிட்டியைக் கூப்பிட்டு, கறாராக வாசித்தார். செயலாளர் கூட்டங்களைக் கூட்ட வேண்டும், பேசியதை எழுதி வைக்க வேண்டும். இணைச் செயலாளர் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். உபதலைவர் யார்டு யார்டாகப் போய் நிர்வாகத்தோடு பேசி, வெயிலில் நிற்கிற சர்வேயர்களுக்கு நிழலும் குடிதண்ணீரும் வாங்கித் தர வேண்டும். முடித்துவிட்டு, இப்போது நாற்காலி பறக்கும் என்று கொஞ்சம் குனிந்துகொண்டார்.

உபதலைவர் வரதன் மெதுவாக எழுந்தார். சர்க்கரை வியாதிக்காரர், சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறவர்.

"எத்தினி வருசமா உபதலைவரா கீறேன் மாமு! போட்டோவுல தலைவரு பக்கத்துல நிக்கறதுதான் வேலைன்னு நெனச்சுகினு இருந்தேன். இன்னா செய்யணும்னு இன்னிக்கித்தான் ஒருத்தன் சொல்லிக்கீறான்."

மறுநாளே வரதன் கிளம்பிவிட்டார். இரண்டே வாரத்தில் மணலிப் பக்கம் மூன்று யார்டுகளில் தகரக் கொட்டகையும் தண்ணீர்க் கேனும் வந்தன. கிருஷ்ணப்பன் எழுதுகிறார் எழுதுகிறார், யாராவது தும்மினால்கூட எழுதுகிறார். சங்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. ராஜினாமாவைக் கமிட்டி ஒருமனதாகக் கிழித்துப் போட்டது.

கொட்டகை நிழலில் நின்று பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தபோது கஸ்பாருக்கு நெஞ்சு கொஞ்சம் நிறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் போன் அடித்தால் பாத்ரூமுக்குள் ஓட வேண்டியிருந்தது. நல்லவேளை, ஜானட்டும் அப்போதெல்லாம் வீட்டில் அதிகம் கவனமாக இல்லை. உடன் வேலை செய்கிற மோகனப்ரியா அடிக்கடி கூப்பிடுவாள், ஜானட் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

"இன்னா ஜானட்டு, இந்த நேரத்துல?"

"லேப்புல ஒரே பேஜாருங்க. ஒருத்தருக்கும் அவங்கவங்க வேல இன்னான்னே தெரில."

"எல்லா எடமும் அப்டித்தான்" என்று கஸ்பார் பெருமூச்சு விட்டார்.

கடைசியாக ஒரு வழி தெரிந்தது. எந்த வழக்கம் தன்னை மாட்டிவிட்டதோ அதே வழக்கத்தால் கழன்றுகொள்வது. சிறப்புப் பொதுக்குழு ஒன்றைக் கூட்டித் தலைவர் தேர்வை மறுபடி வைத்தால், யாராவது ஒருவர் வெளியே போகாமலா இருப்பார்? ஞாயிற்றுக்கிழமைதான் மண்டபம் கிடைத்தது. யார்டில் அவசர வேலை என்று ஜானட்டிடம் பயந்துகொண்டே பொய் சொன்னார்.

"பரவால்லங்க, எனக்கும் லேப்புல டூட்டி போட்டுட்டாங்க" என்றாள். இவ்வளவு சுலபமாகத் தப்பித்தது கஸ்பாருக்கே உறுத்தியது.

உறுப்பினர்கள் எல்லாரும் வந்தார்கள். வராவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். புழலிலிருந்து காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவரைக்கூட இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல மே மாத வெயில். கஸ்பார் முன்யோசனையோடு ஒரு டிரம் நிறைய நீர்மோர், கூடை கூடையாகத் தர்பூசணி, பன்னீர் சோடா எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். பேச்சை இழுத்துக்கொண்டே போனார்.

ஒருவர்கூட அசையவில்லை. கால் மேல் கால் போட்டார்கள், அப்புறம் மாற்றிப் போட்டார்கள், முகம் சிவந்தது, ஆனால் மண்டபத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கஸ்பார் நம்பிக்கையெல்லாம் சர்க்கரைக்காரர் வரதன் மேல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உபசரித்தார்.

"வெயிலுப்பா, குடி வரதா."

"நீ குடிக்காம நான் குடிப்பனா? மொதல்ல தலைவரு குடிக்கட்டும்."

கஸ்பார் குடித்தார். வரதன் குடித்தார். இன்னொன்று. மறுபடி இன்னொன்று. வரதன் கைக்குட்டையை முறுக்கினார், மேலே பார்த்து முருகா என்றார், ஆனால் உட்கார்ந்திருந்தார். கஸ்பார் மாதாவே என்றார். கொஞ்ச நேரத்தில் அடக்க முடியாமல் எழுந்து ஓடியது கஸ்பார்தான்.

ஓடும்போதே பின்னால் கைதட்டல் கேட்டது. திரும்பி வந்தபோது கிருஷ்ணப்பன் மாலையோடு வாசலில் நின்றார். மாலையைத் தள்ளிக்கொண்டு வரதன் முதலில் ஓட, மொத்தச் சங்கமும் பின்னாலேயே கழிவறைப் பக்கம் பாய்ந்தது.

அன்றைக்குப் பார்வையாளராக வந்திருந்தார் கூட்டமைப்பைச் சேர்ந்த அன்பரசன். வட சென்னையில் இருக்கிற தொழில்முறைச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதுதான் அந்தக் கூட்டமைப்பு. கிரேன் ஆப்பரேட்டர்கள், வெல்டிங் இன்ஸ்பெக்டர்கள், எக்ஸ்ரே, லேப்காரர்கள் என்று பெரிய கூட்டம். அன்பரசன் கஸ்பார் கையை விடவே இல்லை.

"எத்தன சங்கம் பாத்துக்கீறேன்! பாதிப் பேச்சுல பாதிப் பேரு எழுந்து பூடுவான். கடேசி வரிக்கும் ஒருத்தன்கூட எழுந்துக்காத கூட்டம் இதுதான் சார். அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டமைப்புல நிர்வாகிங்கள எடுக்கறோம். எல்லாச் சங்கத் தலைவரும் வரணும். நீங்க அவசியம் வரணும்."

கஸ்பார் கணக்குப் போட்டுப் பார்த்தார். போனால் இந்த ஆள் தன் பேரைச் சொல்லிவிடுவார். ஒரு பதவியையே மறைக்க முடியவில்லை. போகாமல் இருந்தால்? வெளியே நிற்பவரைப் பிடித்துப் போடும் வழக்கமெல்லாம் தன் சங்கத்தோடு சரி. கூட்டமைப்பு படித்தவர்கள் கூடுகிற இடம். அங்கே முறைப்படிதான் நடக்கும். போகவே கூடாது என்று முடிவு செய்தார். அதோடு ஜானட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் பெட்டியைத் தூக்கினால், முகத்துவாரக்குப்பம் வரைக்கும் பின்னாலேயே போய் மாமியார் காலில் விழ வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜானட்டே சொன்னாள்.

"இன்னிக்கி எங்கியும் போக வேணாங்க. போன் ரெண்டையும் ஆஃப் பண்ணிடலாம். யாரு வந்து கதவத் தட்டினாலும் தொறக்காதீங்க. நம்ம ரெண்டு பேரு மட்டும்."

கஸ்பார் தன்னையே நொந்துகொண்டார். இப்படிப்பட்டவளையா ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்! நண்டுக் குழம்பு கொதித்தது. அவர் வெங்காயத்தோடு சேர்த்துக் கொஞ்சம் கண்ணீரும் விட்டார். சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தார், தூங்கி எழுந்து சொல்லலாம் என்று தள்ளினார், காபி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஜானட்டு, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணுங்க. நீங்க மொதல்ல சொல்லுங்க."

"இல்ல, நீ சொல்லு."

கதவு தட்டப்பட்டது. இருவரும் அசையவில்லை. தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு தானாகவே திறந்துகொண்டது. தோளில் நீளமாகச் சுருட்டிய ஃப்ளெக்ஸோடு ரஷீது நின்றான்.

கஸ்பார் பாய்ந்து எழுந்தார். "அட்ரஸ் மாறி வந்துட்டப்பா, கெளம்பு!"

அதே நேரத்தில் ஜானட்டும் பாய்ந்து எழுந்தாள். "யாருப்பா நீ? தெரியாத ஆளெல்லாம் உள்ள வரக் கூடாது, கெளம்பு, கெளம்பு!"

சொல்லிவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவள் எதற்கு இப்படி வெளுத்துப்போகிறாள் என்று கஸ்பாருக்குப் புரியவில்லை.

ரஷீது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு முனையைக் கஸ்பார் கையிலும் மறுமுனையை ஜானட் கையிலும் கொடுத்து, நடுவில் நின்று பேனரை விரித்தான்.

"இனிமே உங்க ரெண்டு பேரு ரகசியத்தயும் என்னால தனித்தனியா காப்பாத்த முடியாது நைனா. கூட்டமைப்புல வந்துகீற தலைவருங்க அத்தினி பேரும் எனக்கு வேணாம்னு ஜகா வாங்கிட்டாங்களாம், அதனால வராம வூட்டுல குந்திகினு இருந்த ரெண்டே பேர ஏகமனதா போட்டுட்டாங்க: சர்வேயர் சங்கத் தலைவரு நீ, கூட்டமைப்புக்கே தலைவரு; லேப் டெக்னீஷியன் சங்கத் தலைவரு நம்ம ஜானட் அக்கா, அதுக்குச் செயலாளரு!"